செவ்வாய்க்குப் போன சாண்டா: ஒரே மொக்கைப் படம், மூன்று கலாய்ப்பு

இருட்டுக்கொட்டகை:

1964-ல் அமெரிக்காவில் வந்த ‘சாண்டா கிளாஸ் காங்கர்ஸ் த மார்ஷியன்ஸ்’ படத்தை ஒரே வட்டத்து ஆட்கள் மூன்று முறை கலாய்த்திருக்கிறார்கள். முதலில் 1991 டிசம்பர் 21-ல் மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000 என்ற டிவி தொடர் (இனி எம்எஸ்டி). எபிசோட் எண் 321 என்றால் மூன்றாம் சீசனின் 21-வது என்று பொருள், முந்நூற்று இருபத்தொன்றாவது அல்ல. அடுத்து 2008-ல், அதே தொடரைத் தொடங்கிய ஜோயல் ஹாட்ஜ்சன் பழைய கூட்டாளிகளோடு நடத்திய சினிமாட்டிக் டைட்டானிக். மூன்றாவது, 2013 டிசம்பர் 5-ல் மைக் நெல்சன், கெவின் மர்ஃபி, பில் கார்பெட் மூவரும் ரிஃப்ட்ராக்ஸ் என்ற பெயரில் மேடையில் செய்து அமெரிக்கத் தியேட்டர்களுக்கு நேரலையாக அனுப்பியது.

படம் ஒன்றுதான், ஓட்டம் 81 நிமிடம். ஆனால் மூன்றிலும் சிரிப்பு விழும் இடங்கள் வேறு. எது ஏன் எடுபடுகிறது என்று பிரித்துப் பேசத்தான் இந்த இழை. ‘சூப்பர்’, ‘செம’ பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

தொடர் பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: விண்கலத்தில் மாட்டிக்கொண்ட ஒருவனையும் (முதலில் ஜோயல், பிறகு மைக்) டாம் சர்வோ, க்ரோ என்ற இரண்டு ரோபோக்களையும் மட்டமான படங்களைப் பார்க்க வைத்துச் சித்திரவதை செய்கிறார் ஒரு விஞ்ஞானி. அவர்கள் திரையின் கீழே நிழலுருவமாக உட்கார்ந்து படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாம் வரிசை:

நல்ல இழை. ஆனால் கலாய்ப்புக்குப் போகும் முன் படத்தைப் பார்க்க வேண்டும். எல்லா மொக்கைப் படமும் கலாய்க்க லாயக்கில்லை. இந்தப் படம் மூன்று பேருக்கும் தீனி போட்டதற்குக் காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது.

எடுத்த இடம் நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டின் ரூஸ்வெல்ட் ஃபீல்டில், விமானக் கொட்டகையை மாற்றிக் கட்டிய ஸ்டுடியோ. பட்ஜெட் சுமார் 2 லட்சம் டாலர் என்பார்கள். இயக்கம் நிக்கோலஸ் வெப்ஸ்டர். கதை இதுதான்: செவ்வாய்க் கிரகக் குழந்தைகள் பூமி டிவியையே வெறித்துப் பார்த்துக்கொண்டு சோர்ந்து கிடக்கிறார்கள். 800 வயதுக் கிழவர் சோகெம் கொடுத்த யோசனைப்படி தலைவர் கிமார் பூமிக்கு வந்து சாண்டாவையும், கூடவே பில்லி, பெட்டி என்று இரண்டு பிள்ளைகளையும் கடத்துகிறார். வோல்டார் என்ற மீசைக்காரன் வில்லன். ட்ரோப்போ என்ற சோம்பேறி காமெடியன். கிமாரின் மகள் கிர்மாராக வருவது பின்னாளில் பாடகியான பியா ஸடோரா, அப்போது சின்னப் பெண்.

பொருட்களைப் பாருங்கள். செவ்வாய்வாசிகளின் துப்பாக்கி, வாமோ கம்பெனியின் ‘ஏர் பிளாஸ்டர்’ என்ற காற்றடிக்கும் விளையாட்டுப் பொம்மை. டார்க் என்ற ரோபோ பெட்டியும் குழாயுமாகச் செய்து வெள்ளிச் சாயம் அடித்தது. பனிக்கரடி, தோல் போர்த்திய மனிதர். பச்சைச் சாயம் ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு அடர்த்தி. டைட்டில் கார்டில் ‘காஸ்ட்யூம் டிசைனர்’ என்பதில் ஓ போட வேண்டிய இடத்தில் யு போட்டு, ‘கஸ்ட்யூம்’ என்று எழுத்துப்பிழையோடே அச்சாகியிருக்கிறது.

இதெல்லாம் மேலோட்டம். முக்கியமானது வேறு: வசனம் இல்லாத இடைவெளி இந்தப் படத்தில் தாராளம். விமானப்படை கிளம்பும் காட்சிக்குப் பழைய ஆவணப்படத் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். ராடார் சுற்றுகிறது, ஜெட் ஓடுகிறது, யாரும் பேசுவதில்லை. கலாய்ப்பவனுக்கு அது சும்மா கிடைத்த நிலம்.

பச்சைச்சாயம்:

ட்ரோப்போவைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் நினைப்பதற்கு மாறாக, படத்திலேயே ஒரு காமெடியன் இருந்தால் அந்தக் காட்சியைக் கலாய்ப்பது கஷ்டம். அவர் ஏற்கெனவே சிரிக்க வைக்க முயல்கிறார், தோற்கிறார். தோற்ற நகைச்சுவை மேல் இன்னொரு நகைச்சுவை வைத்தால் இரண்டும் அமுங்கும். மூன்று குழுவும் ட்ரோப்போ காட்சிகளில் திணறுவது தெரியும். 1991-ல் செய்த உபாயம் நல்லது: அவர் சேட்டையைக் கிண்டலடிக்காமல், அவரைப் பார்த்து மற்றவர்கள் சலித்துக்கொள்வதைப் பேசுகிறார்கள்.

வேண்டுமென்றே மட்டமாக எடுத்த படங்கள் கலாய்க்க உதவாததும் இதனால்தான். ‘நாங்களே மொக்கைதான்’ என்று கண்ணடிக்கும் படத்திடம் எடுக்க ஒன்றுமில்லை. முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு வோல்டார் நடிக்கிறாரே, அதுதான் வேண்டும்.

இருட்டுக்கொட்டகை:

ஒத்துக்கொள்கிறேன். வோல்டார் மீசைக்கு நம்ம ஊரில் ‘நம்பியார் செவ்வாய்க்கு டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு வரி போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

எழுதும் முறை பற்றித் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள். பலர் அவர்கள் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறார்கள்.

மூன்றாம் வரிசை:

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 1988 நவம்பர் 24, அமெரிக்காவின் நன்றியறிதல் நாள். அன்று மினியாபொலிஸ் பகுதியின் கேடிஎம்ஏ என்ற உள்ளூர் சேனலில் தொடர் தொடங்கியது. அந்த ஒரு சீசன் பெரும்பாலும் வாய்க்கு வந்ததுதான். பார்த்தால் தெரியும், நிமிடக்கணக்கில் மௌனம். 1989 நவம்பரில் காமெடி சேனலுக்கு (பிறகு அது காமெடி சென்ட்ரல் ஆனது) போன பிறகுதான் முழு ஸ்கிரிப்ட்.

முறை இது. படம் தேர்வு செய்ய ஒருவர். அந்த வேலை ஃபிராங்க் கானிஃபுக்கு. டேப்களை எல்லாம் அவர் பார்த்து வடிகட்டுவார். தேர்வான படத்தை எழுத்தாளர்கள் எல்லோரும் ஒருமுறை முழுசாகப் பார்ப்பார்கள். இரண்டாம் சுற்றில் படத்தைச் சில நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஓட்டி நிறுத்தி, தோன்றுவதையெல்லாம் நேரக் குறிப்போடு பதிவு செய்வார்கள். அந்தக் கட்டத்தில் எதையும் ‘வேண்டாம்’ என்று தள்ளுவதில்லை. மூன்றாம் சுற்றில்தான் கத்தரி. பிறகு ஓட்டிப் பார்த்துத் திருத்தம், ஒத்திகை, ஒளிப்பதிவு. படம் கைக்கு வந்த பிறகு ஒரு எபிசோடுக்கு ஐந்து முதல் ஒன்பது நாள் வரை ஆகும்.

ஒரு எபிசோடில் சுமார் 700 வரி என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. படத்தில் 75 நிமிடம் பயன்படுகிறது என்று வைத்தால் ஆறரை நொடிக்கு ஒன்று. சும்மா பேசினால் இந்த அடர்த்தி வராது, வந்தாலும் பாதி படத்தின் வசனத்தோடு மோதும்.

சிங்க்_சரியில்ல:

ஆறரை நொடிக்கு ஒண்ணுன்னு சராசரி சொன்னா ஏமாந்துடுவோம். மூணு ஃபாஸ்ட்டா வரும், அப்புறம் இருபது செகண்ட் ஒண்ணும் வராது. அந்த இருபது செகண்டும் சேர்த்துத்தான் டிசைன். வாய மூடுற இடம் தெரியாதவன் ரிஃப் (கலாய்ப்பு வரி) எழுதக் கூடாது.

மூன்றாம் வரிசை:

சரியாகச் சொன்னீர்கள். நானே எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஐந்து பத்தி வையுங்கள்: இடைவெளி தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதற்கு முன் வந்த கடைசி வசனம் அல்லது அசைவு, பேசுபவர், வரி. முதலில் வரியே எழுதாதீர்கள். படத்தை ஒருமுறை ஓட்டி இடைவெளிகளை மட்டும் குறியுங்கள். ஒரு நொடிக்குக் குறைவான இடைவெளியை விட்டுவிடலாம், அதில் ‘ஐயோ’ மட்டும்தான் விழும். ஒன்றரை முதல் மூன்று நொடி வரை உள்ளதுதான் சோறு போடும் இடைவெளி. ஐந்து நொடிக்கு மேல் என்றால் இருவர் மாறி மாறிப் பேசலாம்.

வரி முடிவதற்கும் அடுத்த வசனம் தொடங்குவதற்கும் நடுவே குறைந்தது அரை நொடி விடுங்கள். பார்ப்பவன் சிரிக்க வேண்டாமா? புதிதாக எழுதுபவர்கள் இடைவெளியை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். அப்போது சிரிப்பு அடுத்த வசனத்தின் மேல் விழும், அந்த வசனத்துக்கான வரி யாருக்கும் புரியாது. ஒரு தப்பு இரண்டு வரியைக் கொல்லும்.

இன்னொன்று, தகவல் வசனத்தின் மேல் ஏறிப் பேசக் கூடாது. ‘சாண்டாவைக் கடத்துவோம்’ என்று கிமார் சொல்லும் வரி காதில் விழாமல் போனால் அடுத்த ஒரு மணி நேரக் கதையும் போச்சு. கதை புரியாத படத்தைக் கலாய்த்தால் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும்.

பகல்காட்சி:

தமிழில் எழுதும்போது இந்த நொடிக் கணக்கு இன்னும் இறுகும். இரண்டு நொடியில் நாலு வார்த்தைக்கு மேல் தெளிவாகச் சொல்ல முடியாது. வினைமுற்றை விழுங்கிவிடுவது ஒரு வழி. சோகெம் கிழவர் புகை நடுவே தோன்றும் இடத்தில் ‘சாம்பிராணியை யாரோ கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது’ என்றால் கிழவர் பேசத் தொடங்கிவிடுவார். ‘சாம்பிராணி தூக்கல்’ முடிந்தது.

ரோபோ டார்க் வரும்போது ‘எவ்வளவு மோசமாகச் செய்திருக்கிறார்கள்’ என்பது விமர்சனம், கலாய்ப்பு இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிவதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? ‘ஃப்ரிட்ஜ் வந்த டப்பாவை எடைக்குப் போடலையா?’ என்றால் அந்த அட்டைக்கு ஒரு வீடும் ஒரு பின்கதையும் வந்துவிடுகிறது.

அட்டைவெட்டி:

நிழலுருவம் பற்றி யாரும் பேசவில்லையே. அதை ‘ஷேடோராமா’ என்பார்கள். எல்டன் ஜானின் 1973 ஆல்பத்தின் உள்ளட்டையில், ஒரு பாட்டுக்கு வரைந்திருந்த தியேட்டர் நிழல் ஓவியத்திலிருந்து ஜோயலுக்கு வந்த யோசனை. செய்முறை எளிது, கெடுவதும் எளிது.

அந்த நாற்காலி வரிசை நிஜ நாற்காலி இல்லை. கறுப்படித்த ஃபோம்கோர் அட்டை. நடிகர் கறுப்பு அங்கி, பொம்மைகள் முழுக்கக் கறுப்படித்த பிரதிகள். பின்னால் வெள்ளைத் திரை. எதிரே டிவி மானிட்டரில் படமும் ஸ்கிரிப்டும் ஓடும், அதைப் பார்த்துத்தான் பேசுவார்கள். வெள்ளைப் பகுதி முழுவதும் படத்தால் நிரம்பும், கறுப்பு அப்படியே நிற்கும். லூமா கீ என்பது அதுதான்.

வீட்டில் செய்ய: 5 மி.மீ. ஃபோம் போர்டு, மேட் கறுப்புச் சாயம், வெள்ளைச் சுவர் அல்லது இஸ்திரி போட்ட வெள்ளைத் துணி, ஒரே அளவு விளக்கு இரண்டு, ட்ரைபாட். விளக்குகளைச் சுவரைப் பார்த்து 45 டிகிரியில் இரு பக்கமும் வையுங்கள். ஆள் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது முன்னே இருக்க வேண்டும். ஆள் மேல் ஒரு பொட்டு வெளிச்சமும் விழக் கூடாது. கேமராவில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றையும் ஆட்டோவிலிருந்து எடுத்துப் பூட்டிவிடுங்கள். எடிட்டிங்கில் நிழல் காட்சியைப் படத்துக்கு மேலே வைத்து ‘மல்டிப்ளை’ போட்டால் வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். லெவல்ஸில் கறுப்பை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள்.

கெடும் இடங்கள்: பளபளப்புச் சாயம் அடித்தால் அட்டை விளிம்பு மின்னி, நாற்காலி வழியே படம் தெரியும். ஆள் சுவருக்கு நெருங்கி உட்கார்ந்தால் சுவர் வெளிச்சம் தோளில் வழிந்து தோள் சாம்பலாகும், அதில் சாண்டாவின் சிவப்புச் சட்டை ஊடுருவும். சுவரின் மூலைகள் இருண்டிருந்தால் மல்டிப்ளையில் அந்த இருட்டு படத்தின் மேல் அழுக்குப் போலப் படியும். துணியில் சுருக்கம் இருந்தால் படத்திலும் சுருக்கம்.

உயரம் முக்கியம். நிழல்கள் திரையின் கீழ்ப் பகுதியைத் தாண்டக் கூடாது. ஆறில் ஒரு பங்கு நாற்காலி, தலைகள் நாலில் ஒரு பங்கு வரை போகலாம். அதற்கு மேல் போனால் நடிகர்களின் வாயை மறைக்கும்.

சிங்க்_சரியில்ல:

ரோபோ பார்ட்ஸையும் சொல்லுங்க அண்ணா, அது தனி சுவாரசியம்.

அட்டைவெட்டி:

டாம் சர்வோவின் தலை கண்ணாடிக் கோளம் வைத்த மிட்டாய் விற்கும் பொம்மை இயந்திரம், உடம்பு பீப்பாய் வடிவ உண்டியல், கைகள் பொம்மையினுடையவை. க்ரோவின் மூக்கு இரண்டாகப் பிளந்த பௌலிங் பின், கண் பிங்பாங் பந்து, தலைக்குப் பின்னால் வலையாக நிற்பது ஹாக்கி முகக்காப்பு, கை மேசை விளக்கின் மடக்குக் கம்பி. ஜிப்ஸி என்ற பெரிய ரோபோவின் தலை கைக்குழந்தைக்கான கார் சீட், கண் டார்ச் லைட். எல்லாம் கடைச் சரக்கு. செவ்வாய் ரோபோவை அட்டைப்பெட்டி என்று கிண்டலடிப்பவர்களே உண்டியலில் செய்தவர்கள்தான்! ஏழை ஏழையைக் கேலி செய்வதால் அதில் நக்கல் இருக்கிறது, திமிர் இல்லை.

நிழலுக்கு இன்னொரு பாடமும் இதில் உண்டு. சர்வோ உருண்டை, க்ரோ கூர்மூக்கும் வலையும், நடுவில் மனிதத் தலை. குரலைக் கேட்கும் முன்பே யார் பேசுகிறார் என்று வெளிக்கோட்டில் தெரிந்துவிடும். நீங்கள் மூன்று மனிதர்களை உட்கார வைத்தால் மூன்று உருண்டைதான் தெரியும். ஒருவருக்குக் கொண்டை, ஒருவருக்குத் தொப்பி என்று ஏதாவது செய்யுங்கள்.

பச்சைச்சாயம்:

ஏழை ஏழையைக் கேலி செய்கிறான் என்பது நல்ல வாதம், ஆனால் முழுசாக ஏற்க மாட்டேன். 1964-ல் குழந்தைகளுக்காக எடுத்த படம், நடித்தவர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். காசில்லாததைக் காட்டிச் சிரிப்பது மட்டமான சிரிப்பு. மேலே இருக்கும் ஃப்ரிட்ஜ் டப்பா வரி உட்பட.

பகல்காட்சி:

காசில்லாததைச் சொன்னால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் காசில்லாமலும் வேறு முடிவு எடுத்திருக்கலாமே. ரோபோவை இருட்டில் பாதி காட்டியிருக்கலாம், முழு வெளிச்சத்தில் நடக்க விட்டார்கள். அது பட்ஜெட் இல்லை, தேர்வு. தேர்வைக் கலாய்க்கலாம்.

நடிகரின் உடம்பு, வயது, பிள்ளைகளின் நடிப்பு, இவற்றைத் தொடக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டால் முக்கால்வாசி மட்டமான வரிகள் தானாகக் கழிந்துவிடும். சாண்டாவாக நடித்த ஜான் கால் என்பவரைக் கவனியுங்கள், அந்த ஆள் உண்மையிலேயே சிரித்துக்கொண்டு நடிக்கிறார். அவர் மேல் விழும் நல்ல வரிகள் எல்லாம் பாசமாகத்தான் விழும்.

இருட்டுக்கொட்டகை:

இப்போது மூன்றையும் ஒப்பிடலாம்.

1991-க்கு உள்ள பெரிய வசதி இடைக்காட்சிகள். இரண்டு மணி நேர ஒளிபரப்பு, விளம்பரம் போக ஒன்றரை மணிக்குச் சற்று மேல். அதில் படம் கொஞ்சம் வெட்டுப்படும், இடையிடையே கலத்தில் நடக்கும் காட்சிகள் வரும். இந்த எபிசோடில்தான் க்ரோவின் ‘பேட்ரிக் ஸ்வேஸி கிறிஸ்துமஸ்’ பாட்டு. ஸ்வேஸி நடித்து 1989-ல் வந்த ‘ரோட் ஹவுஸ்’ படம் தெரிந்தால்தான் பாதி புரியும். குறிப்புகளுக்கு வயதாகும் என்பதற்கு இது உதாரணம். ஆனாலும் மெட்டும் கதாபாத்திரத்தின் தீவிரமும் சேர்ந்து தெரியாதவனையும் இழுத்துவிடும்.

2008-ல் ஐந்து பேர். திரையின் இருபுறமும் சாரம் கட்டி நிழலாக இருப்பார்கள். ஜோயல், டிரேஸ் பியூலியூ, வெய்ன்ஸ்டீன், கானிஃப், மேரி ஜோ பெல். ஐவருக்கும் பங்கு கொடுக்க வேண்டிய கட்டாயம் காதில் கேட்கிறது. ஒருவர் சொன்ன வரி அடங்கும் முன் அடுத்தவர். ரோபோக்கள் இல்லாததால் குரல் வேறுபாடும் குறைவு. என் தீர்ப்பில் மூன்றில் இதுதான் கடைசி.

2013-ல் அடர்த்தி மிக அதிகம், எழுத்தும் கூர்மை. ஆனால் நேரலை.

மூன்றாம் வரிசை:

நேரலையின் சிக்கல் தனி. படம் நிற்காது, கூட்டத்தின் சிரிப்பும் நிற்காது. ஒரு வரிக்கு ஆறு நொடி சிரிப்பு வந்தால் அதன் பின்னால் வரிசையாக நிற்கும் இரண்டு வரி மாட்டிக்கொள்ளும். சொல்லாமல் விட வேண்டும், இல்லையேல் யாருக்கும் கேட்காது. அதனால் மேடைக்கு எழுதும்போது பெரிய சிரிப்பு எதிர்பார்க்கும் வரிக்குப் பிறகு ‘போனால் போகட்டும்’ ரக வரி ஒன்றை வைப்பது நல்லது. அது அமுங்கினாலும் நஷ்டமில்லை.

சினிமாட்டிக் டைட்டானிக் பற்றிய தீர்ப்பு கொஞ்சம் கடுமை. படத்தை நடுவில் நிறுத்திப் பேசும் உத்தியை அவர்கள் வைத்திருந்தார்கள். இடைவெளி இல்லாத படத்துக்கு அது நல்ல மாற்று.

இருட்டுக்கொட்டகை:

நிறுத்துவது ஒரு படத்தில் ஒருமுறை சரி. மூன்று முறை என்றால் படம் சாய்ந்துவிடும். நிற்காமல் ஓடும் படத்தோடு மல்லுக்கட்டுவதில்தான் விளையாட்டே.

பச்சைச்சாயம்:

இதே தொடரின் இன்னொரு பண்டிகை எபிசோடையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 521, 1993 டிசம்பர் 24. மெக்சிகோவின் ரெனே கார்டோனா 1959-ல் எடுத்த ‘சாண்டா கிளாஸ்’. ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் கே. கார்டன் மர்ரி. சாண்டா விண்வெளிக் கோட்டையில் இருக்கிறார், மாயாவி மெர்லின் கூட இருக்கிறார், பிட்ச் என்ற சாத்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறான், சாவி கொடுத்தால் ஓடும் இயந்திர மான்கள். அந்த மான்களின் சிரிப்பு குழந்தைக்குக் காய்ச்சல் வரவைக்கும்.

அந்த ஆண்டுதான் ஜோயல் விலகி மைக் நெல்சன் வந்திருந்தார். ஜோயல் ரோபோக்களுக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அப்பா மாதிரி, மைக் அண்ணன் மாதிரி. 521-ல் கிண்டல் கூடுதல் காரம். படமும் அதைத் தாங்கும், ஏனென்றால் அதில் எல்லாமே விபரீதம். ஆனால் ஒரு தடங்கல்: படம் முழுக்க ஒரு கதைசொல்லிக் குரல் ஓயாமல் பேசுகிறது. வசன இடைவெளியை எல்லாம் அவர் தின்றுவிடுகிறார். அதனால் அங்கே வரிகள் அவருக்கே பதில் சொல்வதாக மாறுகின்றன. படத்தின் உடலமைப்பு எழுத்தைத் தீர்மானிக்கிறது என்று மேலே மூன்றாம் வரிசை சொன்னதற்கு நேர்ச் சான்று.

சிங்க்_சரியில்ல:

‘ஸ்டார் வார்ஸ் ஹாலிடே ஸ்பெஷல்’ விட்டுட்டீங்களே. 1978 நவம்பர் 17, அமெரிக்க சிபிஎஸ் சேனல்ல ரெண்டு மணி நேர ஸ்லாட், ஒரே தடவதான் போட்டாங்க. அதுல ஆரம்பத்துல வூக்கி (உடம்பெல்லாம் ரோமம் உள்ள வேற்றுகிரக ஜாதி) குடும்பம் சப்டைட்டிலே இல்லாம நிமிஷக்கணக்கா ஊளையிடும். 2007-ல ரிஃப்ட்ராக்ஸ் இத எடுத்தாங்க. வசனமே இல்லையே, சுலபம்னு தோணும். ஆனா ஊளைச் சத்தம் மனுஷக் குரல் இருக்கிற அதே அலைவரிசையில இருக்கறதால பேசுறது மங்கிடும். மிக்ஸ் பண்ணும்போது படச் சத்தத்த இன்னும் இறக்கணும்.

பொதுவா கலாய்க்கிற குரல் வரும்போது படத்த 8-லேர்ந்து 10 டெசிபல் இறக்கினா போதும். இறங்கறது கால் செகண்ட், ஏறுறது அரை செகண்ட்டுக்குக் கொஞ்சம் மேல. ஏறுறது ரொம்ப வேகமா இருந்தா மூச்சு வாங்குற மாதிரி கேக்கும். 15 டெசிபலுக்கு மேல இறக்கினா படம் செத்துப்போன மாதிரி ஆயிடும், ரிஃப் தனியா தொங்கும்.

பகல்காட்சி:

அந்த ரிஃப்ட்ராக்ஸ் வெறும் ஒலித்தடம் தானே? படத்தை நாமே கொண்டுவர வேண்டும்.

சிங்க்_சரியில்ல:

ஆமா. 2006-ல மைக் நெல்சன் ஆரம்பிச்சப்ப ஐடியாவே அதுதான். பெரிய ஸ்டுடியோ படத்துக்கு உரிமை வாங்க முடியாது, அதனால எம்பி3 மட்டும் விப்போம், டிவிடிய நீ போட்டுக்கோ. முதல் படம் அதே ‘ரோட் ஹவுஸ்’. சிங்க் சரியா இருக்கான்னு பாக்க நடுநடுவுல ஒரு ரோபோக் குரல் படத்தோட வசனத்த கூடவே சொல்லும். ரெண்டும் ஒண்ணா விழுந்தா சரி.

நம்ம பக்கம் இதுல ஒரு கண்ணி இருக்கு. இந்தியா, இலங்கை ரெண்டும் பால் (PAL) டிவி முறை நாடு. பால் டிவிடில படம் நொடிக்கு 25 ஃப்ரேம்ல ஓடும், அமெரிக்கப் பிரதி கிட்டத்தட்ட 24. அதாவது பால் 4 சதவீதத்துக்கு மேல வேகம். 81 நிமிஷப் படம் 78 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். நிமிஷத்துக்கு ரெண்டரை செகண்ட் விலகும். ஆரம்பத்துல கரெக்டா வெச்சாலும் அஞ்சு நிமிஷத்துல பன்னெண்டு செகண்ட் தள்ளி நிக்கும், சாண்டா பேசுறதுக்கு முன்னாடி வரவேண்டிய வரி அவர் போனதுக்கப்புறம் வரும்.

சரி பண்ண: விஎல்சி மாதிரி பிளேயர்ல படத்தோட வேகத்த 0.96 வைங்க. இல்லாட்டி ஆடாசிட்டில ஒலித்தடத்த 4.27 சதவீதம் வேகமாக்குங்க, ‘டெம்போ’ எஃபெக்ட்ல, ‘ஸ்பீட்’ல இல்ல. ஸ்பீட்ல போட்டா குரல் கீச்சுன்னு ஆயிடும். விலகல் சீரா கூடிட்டே போனா அது வேகப் பிரச்சினை. திடீர்னு ஒரே இடத்துல தாவினா உங்க பிரதில ஏதோ காட்சி வெட்டுப்பட்டிருக்கு, அந்த இடத்துல நிறுத்தி மறுபடி ஒட்டுங்க. இந்த ரெண்டு நோயையும் குழப்பிக்காதீங்க, மருந்து வேற வேற.

இருட்டுக்கொட்டகை:

இதைத் தனியாகப் பின் செய்து வைக்கலாம்.

உரிமை விஷயத்தையும் முடித்துவிடலாம். செவ்வாய் சாண்டா திரும்பத் திரும்ப வருவதற்குச் சிரிப்பு மட்டும் காரணம் இல்லை. அமெரிக்காவில் அது பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை யாரிடமும் இல்லை. யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம். எம்எஸ்டி எபிசோடுகளில் பலவற்றுக்குப் பட உரிமை காலாவதியானதும் விற்பனை நின்றுபோனது. ஒரு டிவிடி தொகுப்பில் காட்ஸில்லா படம் ஒன்றைச் சேர்த்து, பிறகு திரும்ப எடுத்து, வேறு படம் போட்டு மறுபதிப்பு செய்ய வேண்டி வந்தது. 321-க்கு அந்தத் தலைவலி இல்லை.

பகல்காட்சி:

அமெரிக்காவில் பொதுவுடைமை என்றால் எல்லா நாட்டிலும் என்று பொருளில்லை, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். யூடியூபில் போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை: படம் சும்மா கிடந்தாலும் அதன் பாட்டுக்கோ மீட்டெடுத்த பிரதிக்கோ யாராவது உரிமை கோருவார்கள். தொடக்கப் பாட்டு ‘ஹூரே ஃபார் சாண்டா கிளாஸ்’ தனியாக இசைத்தட்டாகவும் வந்தது. தானியங்கிக் கோரிக்கை வந்தால் அந்தப் பாட்டுப் பகுதியை வெட்டிவிட்டு, டைட்டிலின் எழுத்துப்பிழையை நிலைப்படமாகக் காட்டி வரியைச் சொல்லலாம்.

இந்தியப் படங்களுக்குச் சட்டம் தெளிவு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1964-ல் வெளியான படத்தின் உரிமை 2024 முடிவோடு போய்விட்டது. பாட்டு வரி, இசை ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. அவை எழுதியவர் இறந்த பிறகு 60 வருடம். அதனால் பழைய தமிழ்ப் படத்தை எடுத்தாலும் பாட்டைத் தாண்டிப் போவதே உத்தமம். எப்படியும் பாட்டின் மேல் யாரும் பேச மாட்டார்கள்.

பச்சைச்சாயம்:

பாட்டின் மேல் பேசாதீர்கள் என்பதைப் பொதுவிதியாகவே வைக்கலாம். செவ்வாய் சாண்டாவின் தொடக்கப் பாட்டிலேயே மூன்று குழுவும் அடக்கி வாசிக்கிறார்கள். தாளத்துக்கு எதிராகப் பேச்சு ஓடினால் இரண்டும் கெடும். தாளத்தோடு பேசினால் அது மாற்றுப்பாட்டு, வேறு தொழில்.

அட்டைவெட்டி:

முதல்முறை முயல்பவர்கள் முழுப் படத்தில் கை வைக்காதீர்கள். இதே படத்தில் சாண்டா செவ்வாயில் பொம்மைத் தொழிற்சாலை நடத்தும் பகுதியை எடுங்கள், அங்கிருந்து வோல்டாரைப் பிள்ளைகள் பொம்மைகளால் அடித்து விரட்டும் சண்டை வரை. பொத்தான் அமுக்கும் இயந்திரம், அதைக் கெடுத்து வைத்ததால் பொம்மைகள் தலை மாறி வருவது, பிறகு சோப்புக் குமிழி பறக்கும் சண்டை. வசனம் குறைவு, அசைவு அதிகம், நாயகன் வில்லன் காமெடியன் மூவரும் வருகிறார்கள். இடைவெளி எல்லா அளவிலும் கிடைக்கும்.

சிங்க்_சரியில்ல:

ஸ்ப்ரெட்ஷீட் டெம்ப்ளேட் ஒண்ணு யாராவது போடுங்க. நேரத்த நிமிஷம்:நொடி:ஃப்ரேம்னு போடாம நிமிஷம்:நொடி.பத்தில் ஒண்ணுன்னு போடுங்க, 24-க்கும் 25-க்கும் மாத்தும்போது ஃப்ரேம் எண் உதவாது.